துரையின் காரில் சுற்றாத விசிறி

கெடாவில் யான் என்ற ஊரிலிருந்து மெர்போக் வரும் சாலை. உச்சி வெயில். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் குனோங் ஜெராய் மலை சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறது. நான் காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டி வருகிறேன்.

ஹீட்டர்தான். அச்சுக் கோப்பவர் மேல் பழி போடாதீர்கள். சீமையில் பனி கொட்டும் காலத்தில் வெள்ளைக்காரன் கால் விறைத்துப் போகாமல் இருக்கக் காருக்குள் வைத்திருக்கும் ஹீட்டர். அதைக் கெடா வெயிலில் முழு வேகத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? என் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. காலையில் பூசிய பவுடர் கழுத்து வழியாக இறங்கி எங்கேயோ போய்விட்டது.

வாழைப்பழம் வாங்கச் சாலையோரம் நிறுத்தினேன். விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். சிக்குவுக்கு சாகிட்டா, டீச்சருக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எனக்கு இல்லை மாக்சிக், கெரேத்தாவுக்குத்தான் சாகிட் என்றேன். காருக்கு நோய் என்றால் டீச்சருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பாவம், இன்னொரு சீப்பைச் சும்மாவே கையில் திணித்தார்.

அவருக்கு நான் எப்படி விளக்குவது? எங்கள் வீட்டில் கார் வைத்தியர்கள் அதிகம். வைத்தியர்கள் அதிகமுள்ள வீட்டில் நோயாளி பிழைப்பது கஷ்டம்.

போன வாரக் கோபம்

போன வாரம் நான் லைசென்ஸ் எடுத்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்தாள். அண்ணன் பேரைக் கெடுப்பதற்கென்றே எழுதுகிறீர்களா அண்ணி என்று கேட்டாள். இல்லையம்மா, கெடுப்பதற்கு உங்கள் அண்ணன் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்றேன். டொக்கென்று வைத்துவிட்டாள். இந்த வாரமும் கூப்பிடுவாள், அதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன்.

அண்ணன் என்பவர் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கிராணி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆபீஸ் குமாஸ்தாதான். ஆனால் தோட்டத்தில் நடக்கும்போது துரைக்கு அடுத்தபடி தான்தான் என்பது போல நடப்பார். சாயங்காலம் ஜெபமாலைக்கு முன்னால் முழங்காலில் நிற்பவரும் அவர்தான். பக்கத்து வீட்டு முனியாண்டி தன் மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால், "பழத்துக்குப் பயந்து பேய் ஓடுதாம்" என்று நாள் முழுக்கச் சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். அதுவரை எங்கள் தோட்டத்துப் பள்ளியில்தான் படித்துக் கொடுத்தேன். வீட்டிலிருந்து நடந்தே போய் வருவேன். திடீரென்று யான் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கு என்னை மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் போவதென்றால் மாறி மாறிப் போக வேண்டும். நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் பசியாறிவிட்டு வந்திருப்பார்கள்.

இந்த மாற்றத்தில் மகா சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் மாமியார். மாமிக்கு நான் வேலைக்குப் போவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மகன் சம்பளத்தில் குடும்பம் நடக்காதா, ஊர் என்ன நினைக்கும் என்பார். கடவுளே வழி காட்டிவிட்டார், வேலையை விட்டுவிடம்மா என்று எனக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் வேறு செய்தார்.

நான் விடவில்லை. அந்த வேலை எனக்குச் சம்பளம் மட்டுமில்லை. வீட்டில் நான் கிராணி பெண்சாதி, மாமிக்கு மருமகள். வகுப்புக்குள் நுழைந்தால்தான் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதை ஒரு பஸ்ஸுக்காக விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டு முன்னால் கார் சும்மாதானே நிற்கிறது, நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். பெரிய யுத்தம் நடந்தது. அது போன வாரமே எழுதியாகிவிட்டது.

சீமைக் கார்

அந்தக் கார் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரையுடையது. அவர் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போனதை என் வீட்டுக்காரர் வாங்கினார். வாங்கின நாளிலிருந்து காரைத் துடைப்பது மட்டும்தான் அவர் வேலை. ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று பயம். துரை உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், கார் வீட்டு முன்னாலேயே நிற்கும்.

அந்தக் காரில் ஒரு விசேஷம். அப்போது எங்களுக்குத் தெரிந்த கார்களில் இஞ்சின் சுற்றினால் விசிறியும் சுற்றும். நடுவில் ஒரு பெல்ட் இருக்கும். இதில் அது இல்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் மேசை விசிறி மாதிரி ஒன்று, அதற்குத் தனி மோட்டார். தண்ணீர் சூடேறும் வரை சும்மா இருக்கும். சூடேறினால் தானாகச் சுற்றும், ஆறினால் தானாக நிற்கும்.

நான் யானுக்கு ஓட்ட ஆரம்பித்துச் சில வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் செமிலிங் கடைத்தெருவில் ஏதோ ஊர்வலம். கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. சூடு காட்டும் முள் மேலே மேலே ஏறி, முன்னால் குப்பென்று ஆவி கிளம்பிவிட்டது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. விசிறி சுற்றவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மாமியை உட்கார வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். "இன்னொரு தடவ இது நடுரோட்டுல கொதிச்சு நின்னுச்சுன்னா காரை வித்துருவேன். நீயும் வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு விசிறியைச் சுற்ற வைப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று நினைத்துவிட்டேன்.

வைத்தியர்கள் வருகை

முதல் வைத்தியர் என் வீட்டுக்காரரே. விசிறி சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது என்றார். இல்லாத பெல்ட் எப்படி அறும்? சுங்கை பட்டாணி வரைக்கும் போய், கடை கடையாக ஏறி அந்தக் காருக்கு விசிறி பெல்ட் கேட்டிருக்கிறார். கடைசிக் கடைக்காரர் சிரித்துவிட்டாராம். கடைக்காரனுக்குத் தொழில் தெரியவில்லை என்று வீட்டில் வந்து சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்த வைத்தியர் அவருடைய தம்பி பீட்டர். ரப்பர் பால் லாரி ஓட்டுகிறவர். லாரிக்காரருக்குத் தெரியாத வண்டியா? போனட்டைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், உள்ளேயிருந்து ஒரு சின்ன வால்வைக் கழற்றி எடுத்தார். அதற்குப் பெயர் தெர்மோஸ்டாட். "இது குளிரு நாட்டுல தண்ணி சூடாகறதுக்கு வச்சது அண்ணி. நம்ம ஊரு சூட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லி அதைச் சாக்கடையில் வீசினார்.

கெடாவில் அந்தக் காலத்தில் இது பெரிய வைத்தியம். எந்தக் கார் எந்த நோயோடு வந்தாலும் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவார்கள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஞாபகம் வருகிறது. காய்ச்சலோ கால் வீக்கமோ, எதுவாக இருந்தாலும் ஒரே ரோஸ் நிறத் தண்ணீரைத்தான் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். பிரசவத்துக்குப் போனவளுக்கும் அதையே கொடுத்தார். குடித்தவர்கள் பிழைத்தார்கள், அது அவர்களுடைய சாமர்த்தியம்.

பீட்டர் வைத்தியம் முடிந்ததும் வீட்டு முன்னால் காரை ஓடவிட்டுப் பார்த்தோம். முள் மெதுவாக ஏறியது, விசிறி அசையவில்லை. பீட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லோடு இருக்கிறது அண்ணி என்று கிளம்பிவிட்டார்.

பிறகுதான் பீடோங் பட்டறைக்குப் போனோம். பட்டறை முதலாளி தவுக்கே நல்ல மனிதர். விசிறி மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து வயரைக் கொடுத்துப் பார்த்தார். விர்ரென்று சுற்றியது. மோட்டாரில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அவர் விரலை ஆட்டி, "கீப்பாஸ் பாகுஸ், சுவிஸ் தா பாகுஸ்" என்றார். விசிறி நல்லா இருக்கு, சுவிட்சுதான் சரியில்லை. ரேடியேட்டருக்கு அடியில் சூட்டுக்கு ஒரு சுவிட்சு இருக்கும், அதற்குப் போகும் வயரைப் பார்க்க வேண்டும் என்று காரை ஜாக்கி வைத்துத் தூக்கப் போனார்.

என் வீட்டுக்காரர் டப்பென்று போனட்டை மூடினார். சுவிட்சுதானே, எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். தவுக்கே ஜாக்கியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நானும் அப்படியே நின்றேன். பெண்பிள்ளை பட்டறையில் நின்று பேசக் கூடாது என்று வீட்டுக்காரர் என்னை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

விசிறிப் படம் போட்ட குமிழ்

வீட்டுக்கு வந்து காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த ஒரு குமிழைக் காட்டினார். அதில் விசிறிப் படம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பிடி.

"பேன் போடணும்னா சுவிச்சப் போடணும். வீட்டுல பேன் தானாவா சுத்துது?" என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. குமிழைத் திருகினார், சிவப்புப் பிடியைத் தள்ளினார். காலடியில் குப்பென்று அனல் காற்று வந்தது. அதுதான் ஹீட்டர் என்று இருவருக்கும் தெரியாது. இஞ்சினுடைய சூடு வெளியேறுகிறது, அதனால்தான் சுடுகிறது என்று விளக்கம் சொன்னார். நான் இஞ்சினை ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன ஆச்சரியம், முள் இறங்கியது.

வேடிக்கை என்னவென்றால் அந்த விளக்கம் சரி. இஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் ஹீட்டர் எடுத்து உள்ளே ஊதுகிறது. ரேடியேட்டர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை என் கால்கள் செய்தன. பொய் சொல்லி ஜெயிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைத் தவறாகச் சொல்லி ஜெயித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து நான் தினமும் வெந்தபடி போனேன், வெந்தபடி வந்தேன். பள்ளியில் இறங்கியதும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். பிள்ளைகள், டீச்சர் மழையில நனைஞ்சிட்டீங்களா என்று கேட்கும். ஆமாம் என்பேன். வேலை போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அறுவடைக் காலம்

வாழைப்பழக்கார அம்மா என்னைப் பார்த்துப் பயந்ததும் அந்த நாட்களில்தான். அதற்குச் சில நாள் கழித்து, அதே சாலையில், நெல் மூட்டை ஏற்றிய ஒரு டிராக்டர் குறுக்கே சரிந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. வெயிலில் வரிசையாக நின்றோம். இஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில் நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். ஹீட்டர் முழு வேகத்தில் ஊதியும் முள் ஏறியது. என் கால்களால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டன. ஆவி கிளம்பியது.

வயலில் நின்ற ஒருவர் வாய்க்காலில் வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்தார். ரேடியேட்டர் மூடியை இப்போது தொடாதே, ஆறட்டும் என்றார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். காருக்காக இல்லை. திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்ன சொல்லுவேன் என்று நினைத்துத்தான் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் செமிலிங் மளிகைக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். என்னம்மா டீச்சர், கொதிச்சிருச்சா என்று கேட்டுவிட்டு வரப்போரம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீடு சேருவதற்கு முன்னால் செய்தி வீடு சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீட்டர் வந்து காரை எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை நான் பஸ்ஸில் போய்ப் பெரிய வாத்தியாரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. மாமி அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டார்.

"வித்துரு தம்பி. அந்தக் காரு நமக்கு ஆவாது," என்றார் மகனிடம். "நீ அன்னைக்கு அந்த வயரப் புடுங்கிவிட்ட பெறகுதான் சத்தமே நின்னுச்சு. இல்லாட்டி தொரை தெனம் மத்தியானம் வந்து உறுமிக்கிட்டுல்ல இருந்தாரு."

"எந்த வயரு மாமி?" என்றேன்.

"அம்மா, சாப்பிடுங்க," என்றார் மகன். குழம்பைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

மாமி நிறுத்துவாரா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் யானுக்குப் போக ஆரம்பித்த சமயத்தில், ஊருக்குப் போன துரை அங்கே செத்துப் போய்விட்டதாகத் தோட்ட ஆபீசுக்குச் செய்தி வந்ததாம். அந்த வாரம் பூராவும் மத்தியானம் நான் காரை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குக் குளிக்கப் போன பிறகு, முன்கூடத்தில் படுத்திருந்த மாமிக்கு ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. காரில் ஆளே இல்லை, சாவி இல்லை. உள்ளே ஏதோ விர்ரென்று உறுமுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது.

சூடான இஞ்சினை நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடேறும். அந்தக் காரில் சாவியை எடுத்த பிறகும் விசிறி சுற்றும், அப்படித்தான் செய்திருந்தார்கள். மாமிக்கு அது துரையின் ஆவி. பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். ஊர் சிரிக்கும் என்று மகன் மறுத்துவிட்டாராம். ஆனால் ஒரு நாள் மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தவர் தாமே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். முனியாண்டியின் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்த அதே மனிதர், போனட்டைத் திறக்கப் பயந்து, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு, பம்பருக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட வயரைப் பிடுங்கியிருக்கிறார். விரல் தப்பியதே பெரிசு.

நான் கையைக் கழுவினேன். அவரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பட்டறையில தவுக்கே அந்த வயரப் பாக்கணும்னு குனிஞ்சப்ப உங்களுக்கு விளங்கிருச்சு. அதனாலதானே போனட்ட மூடுனீங்க?"

மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். "பேய்க்குப் பயந்து வயரப் புடுங்குனேன்னு தவுக்கேகிட்ட எப்படிச் சொல்றது ரோசா?"

சொல்ல வெட்கமாம். பெண்சாதியைத் தினமும் அனலில் வாட்ட வெட்கமில்லை. அவள் வேலை போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழம்புச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நல்ல மீன், அதனால் விட்டேன்.

வெளியே போய்த் தரையில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு அடியில் சுவிட்சு மொட்டையாக இருந்தது. பக்கத்தில் வயர் அதன் முனையோடு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துச் சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான் வேலை.

இஞ்சினைப் போட்டு ஓடவிட்டேன். அம்மாவும் மகனும் வாசலில் வந்து நின்றார்கள். முள் ஏறியது, இன்னும் ஏறியது. விர்ரென்று விசிறி சுற்றத் தொடங்கியது. முள் இறங்கியது. நான் சிரித்துவிட்டேன், அழுதேன் என்றும் சொல்லலாம்.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில், காரில் ஆளே இல்லாமல், அது மறுபடி உறுமத் தொடங்கியது.

"மாதாவே, தொரை வந்துட்டாரு!" என்று மாமி கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்த வயரப் புடுங்குடா."

மகன் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இருக்கட்டும் மாமி," என்றேன். "இந்த வீட்டுல நான் வேலைக்குப் போவணும்னு நெனைக்கிற ஒரே ஆம்பள தொரைதான். இருந்துட்டுப் போவட்டும்."

பீட்டர் சாயங்காலம் வந்தார், கோப்பி குடித்தார், வெறுங்கையோடு போனார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன்.